ஆறு வகுப்பு முடிந்தும் போனைப் பேரனிடமே நீட்டுகிறார்கள்: எங்கே தவறுகிறோம்?

#1 மாலைநேரம்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் 5 பேர் சேர்ந்து ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் கணினியும் இணையமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். வருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலை பார்ப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தனியாக வாழும் முதியவர்கள். கட்டணம் கிடையாது. மொத்தம் 6 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம். முதல் நாள் 24 பேர் வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டதில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். மூன்றாவது வாரம் 15 பேர். கடைசி வாரம் 9 பேர். அந்த 9 பேருக்கும் சான்றிதழ் கொடுத்தோம், சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் மனதைவிட்டுப் போகவே இல்லை. சான்றிதழ் வாங்கிய ஓர் அம்மாவை இரண்டு வாரம் கழித்து வழியில் பார்த்தேன். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவர். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. திரையைப் பார்க்காமலே பக்கத்தில் நின்ற பேரனிடம் நீட்டிவிட்டார். "நீங்களே திறந்து பார்க்கலாமேம்மா, வகுப்பில் எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள்" என்றேன். "நான் தொட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றார்.

12 மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு அதில் எங்கேயும் பதில் இல்லை. முதல் வாரம் கணினியின் பாகங்கள், இரண்டாவது வாரம் மவுஸ், மூன்றாவது கீபோர்டு, பிறகு இணையம், மின்னஞ்சல், கடைசியாகப் படிவம் நிரப்புதல். இதுதான் எங்கள் பாடத்திட்டம். அடுத்த சுற்று தொடங்க 3 வாரம் இருக்கிறது. இதே மாதிரி வேலை செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எதை விட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று மனம்விட்டுச் சொல்லுங்கள்.

#2 நூலகவாசல்

மாலைநேரம், அந்த அம்மா சொன்னதை மறைக்காமல் எழுதியதற்கே முதலில் நன்றி. வருகைப் பதிவேட்டையும் சான்றிதழ் எண்ணிக்கையையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம்.

நான் ஒரு நூலகத்தில் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்ததும் தோன்றியதைச் சொல்கிறேன். அது கணினியைப் பற்றிய பாடம். வந்தவர்கள் யாரும் கணினியைத் தெரிந்துகொள்ள வரவில்லை. ஒருவருக்கு வெளியூரில் இருக்கும் மகள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். இன்னொருவருக்கு ஓய்வூதியம் வரவில்லை, ஏன் என்று தெரிய வேண்டும். இன்னொருவர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் "ஆன்லைனில் போடுங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். இப்படி ஒரு தேவையோடு வந்தவர் முதல் 2 மணி நேரம் பாகங்களின் பெயரைக் கேட்டால், அவர் தேடி வந்தது எந்த வாரம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது வாரம் நின்றுவிடுவார்.

எழுத்தறிவு இயக்கங்கள் இதை எப்போதோ கண்டுகொண்டன. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயின் குழு சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் அகர வரிசையில் தொடங்கவில்லை. முதலில் அந்த மக்களோடு உட்கார்ந்து, அன்றாடப் பேச்சில் எந்தச் சொற்கள் கனமாக வருகின்றன என்று கவனித்தார்கள். அந்தச் சொற்களைப் பிரித்துத்தான் எழுத்துக்குப் போனார்கள். செங்கல் என்பது அவர் முறையில் நன்கு அறியப்பட்ட ஒரு பாடச்சொல். செங்கல் சுமந்தவருக்கு அந்தச் சொல் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்!

நாங்கள் இப்போது முதல் நாள் பாடமே வைப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "போன வாரம் எந்த விஷயத்துக்காக யார்கிட்ட போனைக் கொடுத்தீங்க?" "இன்டர்நெட்டில் என்ன கத்துக்கணும்?" என்று கேட்டால் தெரியலையே என்பார்கள். இப்படிக் கேட்டால் பதில் மளமளவென்று வரும். பாடத்திட்டம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. சொல்லித்தருபவரின் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எங்கள் தன்னார்வலர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். ஒருவர் தடுமாறும்போது "கொடுங்க, நான் செய்றேன்" என்று மவுஸை வாங்கினால் 5 விநாடியில் வேலை முடிந்துவிடும். அந்த 5 விநாடியில் அவர் கற்றுக்கொள்வது "இது என்னால் ஆகாது" என்பதைத்தான். வாயால் வழி சொல்லுங்கள். திரையைச் சுட்டிக்காட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் அவர் விரல்தான் தொட வேண்டும்.

#3 ஸ்க்ரூடிரைவர்

சாதனங்கள் பக்கம் எனக்குக் கொஞ்சம் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கூடத்தில் இருப்பவை யாராவது நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினிகளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்கும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ கணினிகளை அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் போதும், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பான் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் இணையம், கடிதம், படிவம் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஓடும். மெதுவான கணினி கற்பவருக்குப் பெரிய தடை. அழுத்தியதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நமக்கு "லோடாகுது" என்று புரியும். புதியவர் தான் தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்துவார்.

டபுள் கிளிக் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் இரண்டு கிளிக்குக்கும் நடுவே இயல்பாக இருக்கும் அவகாசம் 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடி. கை நடுங்குபவருக்கு அதற்குள் இரண்டு முறை அழுத்துவதும் கஷ்டம், அழுத்தும்போது மவுஸ் அசையாமல் பார்த்துக்கொள்வதும் கஷ்டம். செட்டிங்கில் அந்த வேகத்தைக் குறைக்கலாம். இல்லையென்றால் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு என்டர் தட்டச் சொல்லுங்கள், அதே வேலை நடக்கும். இது தெரியாமல் ஒரு பெரியவர் மூன்று வகுப்பு டபுள் கிளிக்கிலேயே போராடியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு இதைக் காட்டிய அன்று அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

#4 மாலைநேரம்

ஸ்க்ரூடிரைவர், உங்கள் பதிவைப் படித்ததும் வேறொரு கேள்வியும் எழுந்தது. வந்த 24 பேரில் வீட்டில் கணினி இருப்பவர் ஒருவர்கூட இல்லை. போன் அநேகமாக எல்லோரிடமும் இருந்தது. பிறகு ஏன் 12 மணி நேரமும் கணினி முன்னால் உட்கார வைத்தோம்? எங்களுக்குத் தெரிந்தது அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

#5 ஸ்க்ரூடிரைவர்

அப்படியானால் போனிலேயே தொடங்குங்கள். தொடுதிரையிலும் ஒரு சிக்கல் உண்டு. விரல் பட்டதும் ஏற்படும் சிறு மின்மாற்றத்தை வைத்துத்தான் திரை தொடுதலை உணர்கிறது. உழைத்துக் காய்ப்பு ஏறிய விரலும், வயதாகி வறண்ட தோலும் அந்த மாற்றத்தைச் சரியாகக் கொடுப்பதில்லை. திரை உணரவில்லையே என்று அவர்கள் இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறு ஏதோ ஒரு பட்டியலைத் திறக்கும். நாம் "மெதுவா தொடுங்க" என்போம். அவர் தன் விரல்மேல் நம்பிக்கை இழப்பார். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை செட்டிங்கில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டி வைக்கலாம். வகுப்பு தொடங்கும்போதே இதையும் எழுத்தளவையும் அவரவர் போனில் சரிசெய்துவிட்டால் பாதி எரிச்சல் குறையும்.

#6 இரண்டாம்பெஞ்சு

நான் இங்கே பதிவு எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு 58 வயது. இப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான் நான் கற்றுக்கொண்டேன், அதனால் எழுதத் தோன்றியது.

அந்த அம்மா கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். "தொட்டா ஏதாவது ஆயிடும்" என்பது சும்மா வருகிற பயம் இல்லை. வீட்டில் ஒரே ஒரு போன். அது கெட்டுப்போனால் வேறு வாங்க முடியாது. முன்பு ஒரு தடவை நான் எதையோ அழுத்திப் படங்கள் போய்விட்டன என்று வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் எடுப்பதும் பேசி முடித்தால் வைப்பதும் மட்டும்தான். இப்படி 6 வருஷம்.

முதல் வகுப்பில் அந்தப் பெண் என்னைவிட எவ்வளவோ சின்னவள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இந்தச் சுவரை ஒரு போட்டோ எடுங்க" என்றாள். எடுத்தேன். "இப்போ அதை அழிங்க" என்றாள். எனக்குக் கை வரவில்லை. அழித்தேன். "சரி, இப்போ அதைத் திரும்பக் கொண்டு வருவோம்" என்று குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடச் சொன்னாள். அங்கே அந்தச் சுவர் அப்படியே இருந்தது. மீட்டெடுக்க ஒரு பொத்தான் இருந்தது. தொட்டேன், வந்துவிட்டது. அன்று அதையே 10 முறை செய்தோம். எடுப்பது, அழிப்பது, மீட்பது. அவ்வளவுதான் அன்றைய பாடம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். 6 வருஷத்துக்கு முன் போனதாகச் சொன்ன படங்களும் அன்றைக்கே தேடியிருந்தால் கிடைத்திருக்கலாம். கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படத்தை அழித்தால் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்குமாம். ஐபோனில் 30 நாள். இது யாருக்குமே தெரியாமல் என்மேல் கோபப்பட்டார்கள், நானும் தப்பு என்னுடையது என்றே நம்பினேன்.

அதனால் ஐயா, நீங்கள் எதைக் கற்றுக்கொடுத்தாலும் அதற்கு முன்னால் திரும்பி வரும் வழியைக் கற்றுக்கொடுங்கள். அழித்தால் எப்படி மீட்பது, தெரியாத பக்கத்துக்குப் போய்விட்டால் எப்படிப் பின்னால் வருவது, ஒன்றுமே புரியவில்லை என்றால் எப்படி அணைத்துத் திரும்பப் போடுவது. திரும்பி வர வழி தெரிந்தவள் எங்கேயும் தைரியமாகப் போவாள்.

#7 மாலைநேரம்

அக்கா, உங்கள் பதிவை எங்கள் குழுவில் சத்தமாக வாசித்தேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த சுற்றின் முதல் பாடம் முடிவாகிவிட்டது.

#8 நேர்க்கோடு

எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசுகிறீர்கள். ஆனால் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

70 வயதில் ஒருவர் ஏன் இதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்? நேற்றுவரை ஒரு மனிதரிடம் பேசி முடித்துக்கொண்ட வேலையை இன்று ஒரு திரை வழியாகத்தான் செய்ய முடியும் என்று மாற்றியது யார்? கவுன்ட்டரை மூடிவிட்டு, "கற்றுக்கொள்ள இலவசப் பட்டறை நடக்கிறதே" என்று கைகாட்டுகிறார்கள். நம்முடைய உழைப்பு அந்த மூடலுக்குச் சாக்காகிவிடக் கூடாது.

சாதனத்தைக் கொடுத்தாலே மாற்றம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அடிபட்டுவிட்டது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகள் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் குழந்தைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது.

#9 நூலகவாசல்

நேர்க்கோடு, கவுன்ட்டரை மூடுவது தவறு என்பதில் நான் உங்கள் பக்கம். கற்றுக்கொள்ள விரும்பாதவருக்கும், கற்றுக்கொள்ள முடியாதவருக்கும் மனிதரோடு பேசும் வழி திறந்திருக்கத்தான் வேண்டும். பட்டறை நடத்துபவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டியவர்கள். யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தினமும் நேரில் பார்ப்பது நாம். படிவத்தில் எந்தக் கட்டத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் 10 நிமிடத்தில் தானாக வெளியே தள்ளிவிடுகிறது என்றெல்லாம் குறித்து வைத்து உரிய அலுவலகத்துக்கு எழுதுகிறோம். சில சமயம் திருத்துகிறார்கள்.

ஆனால் கவுன்ட்டர் திறக்கும்வரை அந்த மனிதர் காத்திருக்க முடியாது. அவருக்கு வேலை இந்த வாரம் நடக்க வேண்டும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 260 கோடி பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். அது இணையத்தைத் தொடாதவர்களின் கணக்கு மட்டும். போன் வைத்துக்கொண்டு பேரனிடம் நீட்டுகிற அந்த அம்மாவை அந்தக் கணக்கு இணையத்துக்கு உள்ளே இருப்பவராகவே சேர்த்திருக்கலாம்.

பெரு நாட்டு உதாரணத்திலிருந்து எனக்குப் புரிவது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும் என்பதுதான்.

#10 செவிவழி

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் வழியாகத்தான் இந்த இழையை முழுவதும் கேட்டேன்.

நான் போன ஒரு பட்டறையில் ஆசிரியர் 2 மணி நேரமும் "இதோ இங்கே அழுத்துங்க, இப்போ இதை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே என்றால் எங்கே? நல்லவர், அக்கறையானவர். என் பக்கத்தில் வந்து என் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தார். ஆனால் டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு திரைவாசிப்பானைப் போட்டிருக்கும் போனில் தொட்டால் பெயரை வாசிக்கும், திறக்காது. இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். அடுத்த உருப்படிக்குப் போக ஒரு விரலால் வலப்பக்கம் தள்ள வேண்டும். இந்த இரண்டும் தெரிந்திருந்தால் அவர் என் விரலைப் பிடித்திருக்கவே வேண்டாம்.

ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் 2009இலேயே வந்துவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பட்டறை நடத்துபவர்களில் பலர் அதை ஒரு முறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. ஒரு வேண்டுகோள். உங்கள் 5 பேரும் ஆளுக்கு ஒரு மாலை கண்ணை மூடிக்கொண்டு, டாக்பேக் மட்டும் வைத்து ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அதற்கப்புறம் "இங்கே" என்ற சொல் உங்கள் வாயில் வராது. "திரையின் அடிப்பகுதியில், வலது ஓரத்தில், அனுப்பு என்ற பொத்தான்" என்று சொல்வீர்கள். அது பார்வை உள்ளவருக்கும் நல்லதுதான். வீட்டுக்குப் போனபிறகு அவருக்கு நினைவில் நிற்பது அந்தச் சொற்கள்தான்.

#11 நாலுதட்டு

செவிவழி சொன்னது மனதில் பதிந்தது. நான் தமிழ்த் தட்டச்சு பற்றிச் சொல்கிறேன், இதில் பல பட்டறைகள் வழுக்கி விழுகின்றன.

ஆங்கிலம் தெரியாதவரிடம் "அம்மா அடிக்க ஏ, எம், எம், ஏ, ஏ" என்று சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய சுமை! தமிழ் எழுத அவர் முதலில் இன்னொரு மொழியின் எழுத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. 1999இல் தரமாக அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் அம்மா வந்துவிடும். முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பள்ளியில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று படித்தது அப்படியே விரலுக்கு வந்துவிடுகிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி விசை தேட வேண்டாம். இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் ஒரே மாலையில் தன் பெயரை அடித்ததைப் பார்த்தேன்.

எழுத்தே தெரியாதவர் என்றால் குரல் தட்டச்சு இருக்கிறது. கூகுளில் தமிழுக்கு 2017இலேயே வந்துவிட்டது. மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். ஆனால் பேசியது சரியாக விழுந்ததா என்று அவர் படித்துப் பார்க்க முடியாது. அதையே போனை வாசிக்க வைத்துக் கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

#12 புதுவிசை

ஒரு யோசனை. பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முதியவர்களுக்குச் சொல்லித்தர வைக்கலாமே? பிள்ளைகள் தாங்களாகவே எல்லாம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 1999இல் டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தபோது யாரும் சொல்லித்தராமலே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் அல்லவா?

#13 நூலகவாசல்

செய்யலாம், நாங்களும் செய்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு வேகம் அதிகம். டக் டக் என்று நாலு இடம் தொட்டுக் காட்டிவிட்டு "அவ்ளோதான் தாத்தா" என்பார்கள். முதலில் அவர்களுக்கு அந்தக் கை கட்டும் விதியைப் பழக்குங்கள். அப்புறம் கல்காஜியில் பிள்ளைகள் கூட்டமாக நின்று, தப்பு செய்து, சிரித்து, திரும்பச் செய்தார்கள். தப்பு செய்தால் யாரும் திட்டவில்லை. இரண்டாம்பெஞ்சு அக்காவுக்கு 6 வருஷம் கிடைக்காமல் போனது அந்தச் சூழல்தான்.

#14 பூட்டுசாவி

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுத வந்தேன். மோசடியால் பணம் இழந்தவர்களுக்கு உதவும் வேலையில் இருக்கிறேன். இதை எழுதும்போது நான் நேரில் பார்த்த முகங்கள் கண்முன் வருகின்றன.

முதலில் தன்னார்வலர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. கற்பவரின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ நீங்கள் கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது, அவருக்காக அடிக்கவும் கூடாது. அவர் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், திருப்புவது அவருக்குத் தெரியும்படி. ஏனென்றால் வகுப்பில் "ஓடிபி சொல்லுங்கம்மா, நான் போடுறேன்" என்று ஒரு நல்லவர் கேட்டுவிட்டால், நல்லவர்களிடம் ஓடிபி சொல்லலாம் என்பது பாடமாகிவிடும். அடுத்த வாரம் போனில் இனிமையாகப் பேசுகிற ஒருவர் கேட்பார். அவரும் நல்லவராகத்தான் தெரிவார்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லி வதைக்காதீர்கள். அமெரிக்காவின் தர நிறுவனமே 2017 வழிகாட்டுதலில் காரணமில்லாமல் அடிக்கடி மாற்ற வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீளமாக இருப்பதுதான் முக்கியம். அவருக்கு மட்டும் தெரிந்த நாலைந்து சொற்களைச் சேர்த்து ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

பழைய கையேடுகளில் "இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்" என்று இருக்கும், அதைக் கிழித்துவிடுங்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டின் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. மோசடித் தளங்களும் பூட்டு வைத்திருக்கின்றன. குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

பொதுக் கணினியில் தனிப்பட்ட சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்து வேலை செய்தால், மூடியதும் பார்த்த பக்கங்களின் வரலாறு அதில் தங்காது. ஆனால் டவுன்லோடு செய்த கோப்பு கணினியிலேயே இருக்கும். அடையாள அட்டை நகல், வங்கி அறிக்கை எல்லாம் நன்கொடைக் கணினிகளின் டவுன்லோடு ஃபோல்டரில் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அதைக் காலி செய்வது ஒருவருடைய பொறுப்பு என்று பெயர் போட்டு வையுங்கள்.

#15 இரண்டாம்பெஞ்சு

பூட்டுசாவி அவர்களே, ஒன்று சேர்த்துச் சொல்லட்டுமா? பயமுறுத்திச் சொல்லித்தர வேண்டாம். எங்கள் வகுப்பில் ஒரு நாள் மோசடி பற்றி ஒருவர் 1 மணி நேரம் பேசினார். அடுத்த வாரம் நாலு பேர் வரவே இல்லை. பயத்தோடு வந்தவர்களுக்கு மேலும் பயம் கொடுத்தால் போனை மூடி வைத்துவிடுவார்கள். "அவசரப்படுத்தினா போனை வச்சிடுங்க, நமக்குத் தெரிஞ்ச நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்" என்று ஒரே ஒரு பழக்கத்தைக் கொடுத்தால் போதும். வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதும் திரும்பி வரும் வழிதானே.

#16 பூட்டுசாவி

அக்கா, இனி நான் பேசப் போகும் இடங்களில் இப்படியே தொடங்குகிறேன். ஏற்கெனவே ஏமாந்தவரைக் குறை சொல்லாமல் இருப்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். திட்டு வாங்குவோம் என்று பயந்து மறைப்பதில்தான் பணத்தைத் தடுத்து நிறுத்தும் நேரம் கைநழுவிப் போகிறது.

#17 மாலைநேரம்

2 மாதம் கழித்து வருகிறேன். நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

பாடத்திட்டத்தை எடுத்துவிட்டோம். முதல் நாள் நூலகவாசல் சொன்ன கேள்வியைக் கேட்டோம், பிறகு எடு, அழி, மீட்டெடு. கூடம் முழுக்கச் சிரிப்புச் சத்தம். இதுவரை எங்கள் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. கை கட்டும் விதி எங்களுக்குத்தான் மிகக் கடினமாக இருந்தது. எங்களில் ஒருவர் நிஜமாகவே கையைப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார்.

6 வாரம் என்ற கணக்கையும் விட்டுவிட்டோம். நூலகவாசல் எனக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தார்: 1985இல் ஸ்வீடனின் வெம்டாலன் என்ற சிற்றூரில் பொதுமக்கள் வந்து பயன்படுத்தும் கணினி மையம் ஒன்றைத் திறந்தார்களாம். தினமும் திறந்து வைக்க எங்களால் முடியாது. சனிக்கிழமை 4 முதல் 7 வரை கதவு திறந்திருக்கும், யாரும் எந்தக் கேள்வியோடும் வரலாம், 5 நிமிடத்தில் போய்விடலாம். சான்றிதழ் இல்லை. பதிவேட்டில் இப்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குறிக்கிறோம். ஒருவர் வேறொரு கேள்வியோடு இரண்டாவது முறை வந்தாரா? போன முறை கேட்டதை வீட்டில் தனியாகச் செய்துவிட்டார், அதனால்தான் புதுக் கேள்வி வருகிறது. 19 பேர் அப்படி வந்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பார்வையற்ற ஒருவர் வந்தார், எங்களில் இருவருக்கு மட்டுமே டாக்பேக் ஓரளவு வருகிறது, அவரை நன்றாகக் கவனிக்க முடியவில்லை. செவிவழி, உங்களுக்கு விருப்பம் இருந்தால் எங்கள் குழுவுக்கு ஒரு மாலை அழைப்பில் சொல்லித்தர முடியுமா?

அந்த அம்மாவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், கூடவே பேரனும். அவனைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னோம்.

இப்போது ஒரு புதுச் சிக்கல், உங்களைத்தான் கேட்க வேண்டும். 3 பெண்களுக்குச் சொந்த எண் இல்லை. வீட்டில் ஒரே போன், அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். எந்தக் கணக்கு தொடங்கினாலும் ஓடிபி அங்கேதான் போகிறது. அவர்கள் வேலைக்குப் போயிருந்தால் இவர்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. என்ன வழி?

#18 செவிவழி

நிச்சயம் சொல்லித்தருகிறேன். செவ்வாய் மாலை எனக்கு வசதி. 5 பேரும் வாருங்கள், ஹெட்போனோடு.

#19 ஸ்க்ரூடிரைவர்

மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்ப வழி இருக்கும் சேவைகளில் முதலில் மின்னஞ்சலை அவர்கள் பெயரிலேயே தொடங்கிக் கொடுங்கள். கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால் மாற்றுக் குறியீடுகள் என்று 10 எண்கள் கிடைக்கும். அதைத் தாளில் அச்சிட்டு அவர்களே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். போன் கையில் இல்லாத நாளில் கூடத்துக் கணினியில் உள்ளே நுழைய பாஸ்வேர்டோடு அதில் ஒன்று போதும். எண் கட்டாயம் என்று கேட்கும் சேவைகளுக்கு இது உதவாது. அதற்குச் சொந்த சிம் ஒன்றுதான் வழி. என்னிடம் பழுது நீக்கிய பட்டன் போன்கள் 4 இருக்கின்றன. ஓடிபி வாங்க அது தாராளமாகப் போதும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

#20 மாலைநேரம்

அனுப்பிவிட்டேன். சிம் அவரவர் பெயரில் வாங்க என்னென்ன ஆவணம் வேண்டும் என்று நாளை விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.